பச்சையம்மாவின் வலது கால்

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தூண்களைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும், பார்ப்பதற்காகத்தானே கட்டினார்கள். இன்னும் நின்றுகொண்டிருக்கும் ஸ்டேஷன்களில் நாட்டிலேயே இதுதான் பழையது. துரைமாரும் துரைசானிகளும் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறிய வாசல். இன்றைக்கு அந்த வாசலுக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்கிற ஜோடிகள். தூணைக் கட்டிப்பிடித்துச் சிரிப்பார்கள், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்பார்கள், பிறகு வந்த காரிலேயே ஏறிப் போய்விடுவார்கள். ரயில் என்று ஒன்று அங்கே வந்து போகிறது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தவறாமல் டிக்கெட் எடுத்துத் தவறாமல் வண்டி ஏறுகிறவர்கள், காசிமேட்டு மீன்கூடைக்காரிகள். அவர்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை. இத்தனைக்கும் போட்டோவில் வாடை வராது.

பச்சையம்மா அவர்களில் ஒருத்தி. இல்லை, அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். அவர்கள் எல்லோரும் பச்சையம்மாவின் கூட்டம் என்றுதான் சொல்லவேண்டும். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடைகளை அடுக்கி, ராயபுரத்தில் ரயிலேறி, திருவொற்றியூரிலும் விம்கோ நகரிலும் இறங்கித் தெருத்தெருவாக விற்கிற பெண்கள். சங்கரா, காரப்பொடி, கானாங்கெளுத்தி, வலையில் பாடு நன்றாக இருந்தால் வவ்வால் மீன். ஒவ்வொரு கூடையும் ஒரு ஆள் கனம். ரயிலோ, மூச்சு விட்டுத் திரும்ப இழுப்பதற்குள் கிளம்பிவிடும் ரயில். ஏறுகிறவர்கள் ஆபீஸ் பையோடு ஏறுகிறவர்கள் என்று நினைத்து யாரோ நேரம் போட்டிருக்கிறார்கள். அவர் கூடையோடு ஏறிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில்தான் பச்சையம்மாவின் வலது கால் வருகிறது.

அவள் கல்யாணமாகி வந்த புதிது. ஒருநாள் மாமியாரின் கூடை வண்டியில் ஏறிவிட்டது, மாமியார் ஏறவில்லை. மீன்கள் மட்டும் டிக்கெட் இல்லாமல் கும்மிடிப்பூண்டி வரை போய்விட்டன. வீட்டில் ஒரு வாரம் ஒப்பாரி. ஸ்டேஷனில் மறுநாளே அதே அவசரம், அதே தள்ளுமுள்ளு. புதுப்பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, இடது காலைச் சுமைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டிக்குள் வைத்தாள், வலது காலைப் பிளாட்பாரத்தில் ஊன்றினாள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கிவிட்டாள். கடைசிப் பெட்டியிலிருந்து தலையை நீட்டிய கார்டு அதைப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. இறங்கி வந்து, அவள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார். அவர் திட்டி முடிப்பதற்குள் கூடைகள் அத்தனையும் ஏறியிருந்தன.

பிறகு திட்டுவதற்கும் கார்டுகளுக்கு அலுத்துப்போயிற்று. கால் கீழே இருந்தால் காத்திருப்பது, கால் ஏறியதும் மணி அடிப்பது என்று பழகிக்கொண்டார்கள். ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போவார் போலிருக்கிறது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத விதி இது. இப்போது கார்டு என்ற பெயரையே எடுத்துவிட்டு ரயில் மேலாளர் என்று வைத்திருக்கிறார்கள். பெயர் மாறியும் பச்சையம்மாவின் காலுக்கு இருந்த மரியாதை மாறவில்லை.

காலுக்கு மரியாதை வந்தால் காலுக்கு மேலே இருப்பவளுக்கும் வராமலா இருக்கும்? ஏலத்தில் பச்சையம்மா கைகாட்டிய மீன் குவியலை மற்றவர்கள் விலை ஏற்றிக் கேட்க மாட்டார்கள். கூடைக்காரிகளுக்குள் சண்டை வந்தால் தீர்ப்பு அவளுடையது. முக்கியமாக, அவள் கூடையை அவள் தொடுவதே இல்லை. காலை ஊன்றி நிற்கிறவள் கூடையை எப்படித் தூக்குவாள்? மற்றவர்கள் தூக்குவார்கள், மற்றவர்கள் இறக்குவார்கள். அவள் கடைசியில் ஏறுகிறவள் என்பதால் அவள் கூடையும் கடைசியில் ஏறும், அதுவும் ஒரு மரியாதைதான். காலையில் குளித்ததும் வலது காலுக்கு மஞ்சள் பூசுவாள். மிச்சம் இருந்தால் இடது காலுக்கு.

"உன் காலு இல்லாங்காட்டி கெவுருமெண்ட் ரயிலு கடலுக்குள்ள பூடுமா?" என்று கேட்பான் அவள் புருஷன் திருமலை. லாஞ்சில் கடலுக்குப் போகிறவன். கரையில் இருக்கும் நாட்களில் கேலி பேசுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது.

"பொறாம புட்ச்ச ஆளுய்யா நீ," என்பாள் பச்சையம்மா.

இப்படியே காலம் போயிருக்கும். லூயிஸ் வந்து சேர்ந்தார்.

லூயிஸ் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்த இலாகா என்று கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார், அதனால் யாரும் கேட்பதில்லை. ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பழைய கட்டடங்கள்மேல் காதல் பிறந்து, 'பழங்கட்டட நேசர் வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து, தூண் தூணாகத் தடவிக் காட்டுவார். ஒரு தூணைப் பற்றி அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டு கூட்ஸ் வண்டி துறைமுகத்துக்குப் போய்விடும். ஒருநாள் அவருடைய கார் மக்கர் செய்ய, வேறு வழியில்லாமல் வாரநாளில் ரயிலேற வந்தார். அன்றுதான் அந்த ஸ்டேஷனில் ரயில் ஏறுவது எப்படி என்று முதன்முறையாகப் பார்த்தார். பச்சையம்மாவின் காலையும் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் இந்த நிலையத்தின் வாழும் தூண்!" என்றார், கண் கலங்க.

தன்னைக் குண்டு என்கிறார் என்று நினைத்துப் பச்சையம்மா முறைத்தாள். பக்கத்திலிருந்த மருமகள் வினிதாதான், "அத்தே, பாராட்றாரு அத்தே," என்று விளக்கினாள்.

வட்டம் கூடிப் பேசி, நிலையத்தின் ஆண்டு விழாவை ஊரே மூக்கில் விரல் வைக்கும்படி நடத்துவது என்று முடிவு செய்தது. ரயில்வேயிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வர ஒப்புக்கொண்டார். பச்சையம்மாவுக்குச் சால்வை, கேடயம். பேனர் வந்தது. ஒரு பக்கம் தூண்கள், ஒரு பக்கம் பச்சையம்மா. இடம் போதவில்லை என்று அவள் படத்தை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். எந்தக் காலுக்காகப் பாராட்டோ அந்தக் கால் பேனரில் இல்லை. பச்சையம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முகம் நன்றாக விழுந்திருந்தது.

செய்தி தெரிந்த மறுநாள், வெண்டர் பெட்டியில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது மலிகா பேச்செடுத்தாள். மலிகா வாய் அடங்காதவள். ஆனால் அவள் வாயிலிருந்து வெட்டிப் பேச்சு வராது, அதுதான் அவளிடம் இருக்கிற கஷ்டம்.

"யக்கா, மேடையில அந்தாளு பக்கத்துல தான குந்தப் போற? ஒன்னே ஒன்னு கேளு. ராயபுரத்துல வண்டிய ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லு. போதும். நாம நிம்மதியா ஏறிக்குவோம்."

பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஓடி ஓடி ஏற்றியதில் வினிதாவின் கால் கட்டைவிரல் நகம் போன மாதம்தான் பெயர்ந்திருந்தது. கொஞ்சம் வயதானவர்கள் ஓட முடியாமல் வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். ரெண்டு நிமிடம் நின்றால் அவர்களும் திரும்பி வருவார்கள். இதில் யோசிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

பச்சையம்மா யோசித்தாள். வண்டி ரெண்டு நிமிடம் நின்றால் எல்லோரும் சாவகாசமாக ஏறிவிடுவார்கள். அப்புறம் அவள் கால் எதற்கு? கால் வேண்டாமென்றால், கால்காரி எதற்கு?

"ரெண்டு நிமிசம்லாம் குடுக்க மாட்டாங்கடி. பின்னால வர்ற வண்டிலாம் லேட்டாவும்," என்றாள்.

"கேளேன். குடுக்காங்காட்டி பூடட்டும்."

"ரயிலுன்னா சொம்மாவா? அதுக்குன்னு கணக்கு கீது, வழக்கு கீது. அவுங்களுக்குத் தெரியாதா?"

இத்தனை வருடம் ரயிலைக் காலால் நிறுத்தி வைத்தவளுக்கு, ரயில்வேயின் கணக்கு வழக்கின்மேல் திடீரென்று அப்படி ஒரு அக்கறை.

மலிகா விடவில்லை. "இன்னாக்கா, உன் காலுக்கு வேல பூடும்னு பேஜாரா கீதா?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. பச்சையம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "கேக்கறேன், போங்கடி," என்றாள். ஆனால் மலிகா சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. சரியாகத் தைக்க வேண்டிய இடத்தில் தைத்ததுதான் வலி.

விழா நாளன்று மீன்கூடைகள் வரக்கூடாது என்று வட்டம் அன்போடு கேட்டுக்கொண்டது. மீன்கார அம்மாவுக்கு விழா, அதனால் மீன் வேண்டாம். பச்சையம்மா கையில் பிடித்துக்கொள்ள லூயிஸ் ஒரு புதுக் கூடை வாங்கி வந்திருந்தார், அதில் செவ்வந்திப் பூ. பிளாட்பாரத்தில் ஏதோ வாசனைத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கூடைக்காரிகள் பட்டும் நைலக்ஸ் சேலையுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை.

லூயிஸ் பாராட்டுரை வாசித்தார். முதல் பாதி தூண்கள். இரண்டாம் பாதியில், "தம் ஒற்றைக் காலால் நாள்தோறும் ரயிலை நிறுத்தி வைக்கும் வீரத்தாய்!" என்று குரலை உயர்த்தினார். எந்தப் பெட்டி, எந்தப் படி, எப்படி ஊன்றுவார், கார்டு எப்படிக் காத்திருப்பார் என்று ஒன்று விடாமல் சொன்னார். ரயில்வேயின் பெரிய அதிகாரி முன்னால், ஒலிபெருக்கியில். கைதட்டல் காதைப் பிளந்தது. அதிகாரி நல்ல மனிதர். சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். தன்னைப் புகழ்கிறார் என்று பச்சையம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

சால்வை போர்த்தியதும் அதிகாரியே மைக்கை அவளிடம் நீட்டினார். "அம்மா, உங்களுக்கு இந்த ஸ்டேஷனில் என்ன வசதி வேண்டும்? தயங்காமல் கேளுங்கள். என்னால் முடிந்ததைச் செய்கிறேன்."

கேட்பதற்கு இதைவிட நல்ல சமயம் அமையாது. கடைசி வரிசையில் மலிகா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு வினிதா காட்டினாள். பிறகு அந்த வரிசையே இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெற்றிச் சின்னம் என்று நினைத்து வட்டத்தின் போட்டோகிராபர் அதையும் படம் எடுத்தார்.

பச்சையம்மாவின் தோளில் சால்வை வழுவழுப்பாக இருந்தது. முன்னால் இத்தனை பேர். எல்லோரும் அவள் காலைப் பற்றிக் கேட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரெண்டு நிமிடம் என்று வாயைத் திறந்தால், நாளையிலிருந்து இந்தக் கால் மற்றவர்கள் காலைப் போல நடக்க மட்டுந்தான்.

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல சார்," என்றாள். "எல்லாம் நல்லாதான் கீது."

இதைவிட இனிமையான வார்த்தையை எந்த அதிகாரியும் கேட்டிருக்க மாட்டார். அவரே முதலில் கை தட்டினார். குறையே சொல்லாத பயணியை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார். லூயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

கீழே வந்ததும், "அத்தினி பேரப் பாத்துட்டு வாயே வர்லடி," என்றாள் பச்சையம்மா, யாரும் கேட்காமலே.

"சால்வ நல்லா கீதுக்கா," என்றாள் மலிகா. திட்டியிருந்தால் பச்சையம்மாவும் திட்டியிருப்பாள், வழக்கு முடிந்திருக்கும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் சால்வையைக் கொடியில் போட்டுவிட்டு அதன் பக்கம் திரும்பாமல் சோறு தின்றாள். திருமலைகூட அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை எப்போதும்போல வண்டி வந்தது. பெண்கள் எப்போதும்போல ஓடினார்கள். மலிகா முதலில் ஏறி உள்ளேயிருந்து கூடைகளை இழுத்தாள். பச்சையம்மா இடது காலைப் படியில் வைத்து, வலது காலை ஊன்றி, கையைத் தூக்கினாள். கடைசிப் பெட்டியிலிருந்து தலை நீண்டது, அவளைப் பார்த்தது, உள்ளே போனது.

மணி அடித்தது. வண்டி நகர்ந்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கால் இன்னும் கீழே இருக்கும்போது வண்டி எப்படிப் போகும்? வலது கால் பிளாட்பாரத்தில் தரதரவென்று இழுபட்டது, செருப்பு எங்கேயோ பறந்தது. கை கம்பியிலிருந்து வழுக்கியது. மலிகா அவள் கொண்டையையும் ரவிக்கையையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டாள். இரண்டு பேரும் காரப்பொடிக் கூடைமேல் விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது பாதிக் கூடைகளும் பாதிப் பெண்களும் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். வினிதா வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடிவந்து, பிறகு நின்றுவிட்டாள்.

யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது, அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டையில் சிக்னல் விழாமல் வண்டி நின்றது. பச்சையம்மா ஒற்றைச் செருப்போடு இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு ஓடினாள். "யோவ், கண்ணு தெரில? காலு கீழ கீதுல்ல? ஒரு உசுரு போயிருக்கும்யா!"

மேலாளர் சின்ன வயதுக்காரர். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. "இல்லம்மா, நேத்து சாயந்தரமே மேலருந்து சொல்லிட்டாங்க. யார் கால் வெச்சாலும் காத்திருக்கக் கூடாதாம். கால் போச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்களை ஓரமா கூப்பிட்டுச் சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். நேத்து விழாவுல மைக்குல படிச்சாங்களாமே, எல்லாம்."

"மேடையில அந்தாளு காதுல சொன்னது இதானா," என்றாள் பச்சையம்மா மெதுவாக.

"ஏம்மா, ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாமே? அந்த சார் கேட்டாக் கொடுக்கிறவர்."

சிக்னல் விழுந்தது. மலிகா வாசலில் நின்று, "நீ ராயபுரத்துக்குப் போக்கா, இங்க கீற கூடைங்கள நான் பாத்துக்கறேன்," என்று கத்தினாள். வண்டி போய்விட்டது.

எதிர்ப்பக்கத்து வண்டியில் ராயபுரத்துக்குத் திரும்பினாள். மிஞ்சிய பெண்கள் கூடைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் தண்ணீராகிப் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றைய வாசனைத் தண்ணீரின் சுவடே இல்லை. அவள் வருவதைப் பார்த்து யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வினிதா மட்டும் தேடி எடுத்து வைத்திருந்த செருப்பை நீட்டினாள்.

பச்சையம்மா அதைப் போட்டுக்கொள்ளாமல் நின்றாள். "வாய் வர்லன்னு சொன்னது பொய்யிடி. வாய் நல்லாத்தான் இருந்திச்சு. ரெண்டு நிமிசம் நின்னா என்ன யாரும் மதிக்க மாட்டீங்கன்னு கேக்கல."

"தெர்யும் அத்தே," என்றாள் வினிதா. "நேத்தே எல்லாருக்கும் தெர்யும்."

"இப்ப போயி கேக்கட்டா? அந்த லூயிசாண்ட சொல்லி..."

"கேப்போம், எல்லாருமா போயி கேப்போம். மொதல்ல இந்த மீன வித்தாவணும். வண்டி வர்ற நேரமாச்சு." வினிதா தன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். மற்றவர்களும் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு கூடை மட்டும் தரையில் மிச்சமிருந்தது. "அது உன்துதான் அத்தே. தூக்கிக்க. நிக்க ஆள் வேணாம் இனிமே, ஓடத்தான் ஆள் வேணும்."

தூரத்தில் வண்டி தெரிந்தது. பச்சையம்மா குனிந்தாள். முதல் முறை கூடை அசையவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்து, மறுபடி தூக்கினாள். இடுப்பு வரை வந்தது, பிறகு தோள், பிறகு தலை. கழுத்து நரம்பு புடைத்தது, ஐஸ் தண்ணீர் கண்ணில் வழிந்தது. பெண்கள் ஓடத் தொடங்கினார்கள். அவளும் ஓடினாள்.

தன் கூடை இத்தனை கனம் என்று இதுவரை ஒருத்தியும் அவளிடம் சொன்னதில்லை.